கப்பலுக்குப் பலகை கொடுக்காதவள்

இன்று காலை கார்த்தியே ஸ்டேஷனில் ஏறிய ஒரு பெட்டை என் பக்கத்தில் வந்து இருந்து, மெட்ரோ ஆடுகிற ஆட்டத்துக்குள் நகத்துக்குப் பூச்சுப் பூசத் தொடங்கினாள். என்ன துணிவு பார் அவளுக்கு! நல்ல சிவப்பு. ஒரு துளி வெளியில் சிந்தவில்லை. எதிர் சீட்டில் இருந்த மனிசன் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போனான். எனக்கும் எழும்பவேணும் போலத்தான் இருந்தது. அந்த மணம் என்னை நேரே உன் ஆஸ்பத்திரி அறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டது. போகட்டும், அழுகை வந்தால் வரட்டும் என்று பிடிவாதமாய் அங்கேயே இருந்தேன். வரவில்லை. போனை எடுத்து உனக்கு எழுதத் தொடங்கினேன்.

செத்த ஆளுக்கு எழுதி என்ன பிரயோசனம் என்று என் மனிசன் கேட்பார். கேட்கட்டும். நீ போய் ஒரு குளிர்காலம் முழுதாய் முடிந்துவிட்டது. நான் உனக்கு ஒரு சொல் தந்திருந்தேன், உன் நகத்தை வெட்டிப்போட்டுத்தான் உன்னை அனுப்புவேன் என்று. அந்தச் சொல்லைக் காப்பாற்ற உன் மகளோடேயே நான் மல்லுக்கட்ட வேண்டி வந்தது. நீ பக்கத்தில்தான் படுத்திருந்தாய், ஆனால் பார்க்கவில்லை. அதை உனக்கு ஆர் சொல்வது? நான்தான் சொல்லவேணும்.

விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினுக்கு நாங்கள் இரண்டு பேரும் லவாலில் இருந்து போய்வந்த காலம் ஞாபகம் வருகிறது. குறுக்கால் போக பஸ் இருந்தது. எவ்வளவோ நேரம் மிச்சம். ஆனால் நீ ஏறமாட்டாய். உனக்கு மொன்மொரென்சியில் ஏறி, கீழே நகரத்துக்குள் போய், திரும்ப மேலே வளைந்து வந்து, கோத்-வெர்த்துவில் இறங்கவேணும். ஆரஞ்சுக் கோட்டின் ஒரு தொங்கலில் இருந்து மற்றத் தொங்கல் வரைக்கும் சவாரி. "பஸ்ஸில வாசிச்சா எனக்குச் சத்தி வருமடி" என்று வாயைப் பொத்திக் காட்டுவாய். உன் வாசிப்புக்காக நானும் இருட்டோடு எழும்பவேண்டிக் கிடந்தது. உன்னைத் திட்டாத நாள் இல்லை. திட்டிப்போட்டு உன் தோளில் சாய்ந்து கதை கேட்காத நாளும் இல்லை.

அதுவும் என்ன கதை! வைக்கிங்குகளின் கதை. நோர்வே, டென்மார்க், ஐஸ்லாந்துப் பக்கத்துப் பழைய சனம். நீளக் கப்பலில் கடல் கடலாய் அலைந்து, இந்தக் கனடாவின் கிழக்குக் கரையிலும் வந்து கொஞ்சக்காலம் குடியிருந்து பார்த்துவிட்டு, சரிவராமல் திரும்பிப் போன சனம். "எங்களுக்கு முதலே வந்து பாத்திருக்கிறாங்கள். பனியில பிறந்தவங்களே ஓடியிட்டாங்கள், நாங்கள் நிண்டு பிடிக்கிறம் பாத்தியோ" என்று சொல்லிவிட்டு நீயே முதலில் சிரிப்பாய்.

எல்லாம் உன் மகளால் வந்த வினை. அவள் சின்ன வகுப்புப் படிக்கேக்கை நூலகத்தில் இருந்து ஒரு பிரெஞ்சுப் படப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வடநாட்டுத் தெய்வங்களின் கதைகள். "அம்மா, வாசி" என்றாள். உனக்கோ அரசாங்கம் வகுப்பு வைத்துச் சொல்லித்தந்த பிரெஞ்சு. போன்ஜூர், மெர்சி, சம்பளம் எப்போது வரும், அவ்வளவுதான். உன் மனிசனும் விட்டுவிட்டுப் போன பிறகு வீட்டில் வாசித்துக்காட்ட வேறு ஆள் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டி, பாதி பிரெஞ்சும் பாதி யாழ்ப்பாணமுமாய் அவளுக்குச் சொன்னாய். அவள் வளர்ந்தாள், அந்தக் கதைகளை விட்டாள். நீ விடவில்லை. படப்புத்தகம் போய்த் தடித்த புத்தகங்கள் வந்தன. பொழுதுபட்டால் மற்றப் பெண்கள் சீரியல் பார்த்தார்கள், நீ ஐஸ்லாந்தில் நின்றாய்.

தோரின் கதையை நீ சொன்ன நாளை நினைத்தால் இன்னும் சிரித்தே வயிறு நோகிறது எனக்கு. இடியின் தெய்வம் தோர் தன் சம்மட்டியைப் பறிகொடுத்துவிட்டான். எடுத்த அரக்கன், ஊரிலேயே வடிவான தெய்வப் பெண்ணைக் கட்டித்தந்தால்தான் தருவேன் என்கிறான். அவள் முடியாது என்றுவிட்டாள். கடைசியில் தாடிக்காரத் தோருக்கே கலியாணச் சீலையைச் சுற்றி, முகத்தை மூடி, நகையும் போட்டு அனுப்புகிறார்கள். பந்தியில் பொம்பிளை ஒரு முழு மாட்டையும் எட்டு சால்மன் மீனையும் விழுங்குகிறாள். நாங்கள் அந்த நேரம் கிச்சினில் சால்மன் துண்டுகளை மலையாய்க் குவித்துவைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றோம். "மாப்பிள்ளைக்குப் பயம் பிடிச்சிட்டுது. உடன தோழி சொல்லுறாள், பாவம், உங்களை நினைச்சு எட்டு நாளாப் பொம்பிளை சாப்பிடேல்லை எண்டு!" நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த மீன் துண்டு நிலத்தில் விழுந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தாள். நீ அப்பாவி மாதிரி அடுத்த தட்டை எடுத்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய துறைமுகப் பக்கத்து மியூசியத்தில் வைக்கிங் பொருட்காட்சி என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். வாளையும் கோடரியையும் நீ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எலும்பில் செதுக்கிய சீப்பு, மயிர் பிடுங்குகிற சாவணம், காதுக்குறும்பி எடுக்கிற குட்டிக் கரண்டி, இவைக்கு முன்னால்தான் நின்றாய். "இஞ்ச பாரடி, சண்டியர் எண்டு நினைச்சம், என்ன துப்பரவான சனம்! செத்தவையோட சீப்பும் வைச்சு அனுப்பியிருக்கினம்." கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதால் காவலுக்கு நின்றவர் இருமிக் காட்டினார். வெளியில் வருகிற வழியில் கடையில் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பி விற்றார்கள். உனக்கு வந்ததே கோபம்! காசு வாங்குகிற பெண்ணிடம் போய், "மதாம், பா த கோர்ன்! கொம்பு இல்லை! அவையள் கொம்பு போடேல்லை!" என்று இரண்டு மொழியிலும் நியாயம் கேட்டாய். கொம்பு இருந்தால்தான் விற்கிறது மதாம் என்று அவள் தோளைக் குலுக்கினாள். வீடு வரும்வரைக்கும் புறுபுறுத்தாய். "செத்தவை எழும்பி வந்து கேக்கமாட்டினம் எண்ட துணிவு. என்னத்தையும் தலையில மாட்டிவிடுவாங்கள்."

இதில் உனக்கு என்னதான் பிடிப்பு என்று நான் ஒருநாள் கேட்டேன். டொலார்ட் முருகன் கோயிலில் சூரன்போர் பார்த்துவிட்டு என் மனிசனின் காரில் வந்துகொண்டிருந்தோம். நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எங்கட கடவுள்மார் தோக்கமாட்டினம். சூரன் எப்பவும் விழுவான். ஆனா இவையளுக்குத் தெரியும், கடைசிச் சண்டையில தாங்கள் தோக்கப்போறம் எண்டு. முதலே சொல்லியாச்சு. எண்டாலும் விடிய எழும்பித் தங்கட வேலைக்குப் போகினம். எங்களை மாதிரியடி." என் மனிசன் கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

அந்தக் கடைசிச் சண்டையைப் பற்றி நீ சொன்ன கதைதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. உலகம் முடிகிற நாளில் பகைவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வரும். நாக்ல்ஃபார் என்று பேர். அது மரத்தால் கட்டினதில்லை. செத்தவர்களின் நகத்தால் கட்டுவது. வெட்டாமல் விட்ட நகத்தோடு போகிற ஒவ்வொருவரும் அந்தக் கப்பலுக்குப் பலகை கொடுக்கிறார்கள். கப்பல் கட்டி முடிந்தால் உலகம் முடிந்தது. அதனால் அந்தச் சனம் சாகிறவர்களுக்கு நகத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்களாம், கப்பல் பிந்தட்டும் என்று.

நான் முதலில் பகிடியாய்த்தான் எடுத்தேன். கிச்சின் வாசலில் நாங்கள் நாள்தோறும் கையை நீட்டி நகம் காட்டவேணுமே, நகம் வளர்ந்திருந்தால் உள்ளே விடமாட்டார்களே. "எங்களிட்ட இருந்து அவங்களுக்கு ஒண்டும் கிடைக்காது" என்றேன். நீ சிரிக்கவில்லை. மெட்ரோவின் கறுத்த யன்னல் பக்கம் திரும்பினாய். "தம்பியின்ர உடம்பு எங்களுக்குக் கிடைக்கேல்லை" என்றாய். "ஆர் கழுவினது? ஆர் நகம் வெட்டினது? அவன் மட்டுமே? எங்கட சனத்தில எத்தினை பேர் அப்பிடிப் போனது. கப்பலில பாதி எங்கட பலகைதான் கிடக்கும்." போரில் போன உன் தம்பியைப் பற்றி நீ என்னிடம் வாய் திறந்தது அதுதான் முதல். உன் கையைப் பிடித்தேன். கோத்-வெர்த்து வந்தது, இறங்கி வேலைக்குப் போனோம்.

பேந்து உனக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் புற்று. கீமோவுக்கு ஊசி ஏற்ற நர்ஸ் வரும்போதெல்லாம் நீ கையை நீட்டி, "இந்தா ஓநாய், கடி" என்பாய். அவளுக்கு விளங்காது. எனக்கு விளங்கும். கட்டுப்படாத ஓநாய் ஒன்று, எல்லாச் சங்கிலியையும் அறுத்தெறிந்தது. கடைசியில் ஒரு மெல்லிய நாடாவைக் கொண்டுவந்தார்கள். ஆராவது ஒருத்தர் என் வாய்க்குள் கையை வைத்தால்தான் கட்டவிடுவேன் என்றது ஓநாய். தெய்வங்கள் எல்லாம் ஆளை ஆள் பார்க்க, தீர் என்கிறவன் மட்டும் போய் வலக்கையை வைத்தான். கை போகும் என்று தெரிந்தே வைத்தான், போனது. ஆனால் ஓநாய் கட்டுப்பட்டுவிட்டது. உனக்கு எல்லாரிலும் அவனைத்தான் பிடிக்கும். "அவன்தான் ஆம்பிளை" என்பாய்.

உன் ஓநாய் கட்டுப்படவில்லை. டாக்டர்மார் கையை விரித்து, கீமோவை நிற்பாட்டி, மேலே ஒரு தனி அறையில் உன்னை விட்டார்கள். அங்கேதான் உன் மகள் உன் கைகளைத் தன் பொறுப்பில் எடுத்தாள். வேலையில் நின்ற காலம் முழுக்க ஒட்ட வெட்டின நகத்தோடு திரிந்தவள் நீ. இப்போது வளர விட்டு, அராவி, கருநீலப் பூச்சுப் பூசிவிட்டாள். விரலில் மாட்டுகிற கிளிப்புக்காக ஒரு விரலை மட்டும் பூசாமல் விடச் சொன்னாள் நர்ஸ். மற்றதெல்லாம் நீலம். அறை முழுக்க அந்த மணம். நீ கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய், புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் கோப்பி வாங்கக் கீழே போன நேரம் நீ என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். "வடிவாத்தானே இருக்கு?" என்று கையை விரித்துக் காட்டினாய்.

"ராசாத்தி மாதிரி இருக்கு."

"இதை வெட்டிவிடவேணும்."

கைப்பையில் இருந்த நகவெட்டியை எடுத்தேன். நீ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாய். "விசரே உனக்கு? இண்டைக்கு வெள்ளியெல்லே!"

கடவுளே, எனக்கு வந்த சிரிப்பு! "எடியேய், நோர்வேக் கப்பலுக்கும் பயப்பிடுறாய், வெள்ளிக்கிழமைக்கும் பயப்பிடுறாய். ஏதும் ஒண்டில நில்லன்!" என்றேன். "வெள்ளிக்கிழமை அவையளுக்கும் ஒரு அம்மனின்ர நாள்தான். ரெண்டு பக்கமும் என்னால பகைக்கேலாது" என்றாய் நீ. சிரித்த சிரிப்பில் உனக்கு மூச்சு வாங்கியது. நான் பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டேன்.

மூச்சு வந்ததும் நீ சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "பிள்ளை ஆசையாப் பூசினது. அவளுக்கு முன்னால வெட்டினா மனம் நொந்துபோவாள். நாளைக்குக் குளிக்க வீட்டை போவாள், அப்ப வந்து வெட்டு. அதுக்கு முன்னம் நான் போயிட்டன் எண்டாலும் வெட்டிப்போட்டுத்தான் விடவேணும். பகிடி எண்டு நினையாதை. அவள் இஞ்சதானே இருக்கப்போறாள், இந்த உலகத்தில. அவள் இருக்கிற உலகத்தை முடிக்க நான் ஒரு பலகையும் குடுக்கமாட்டன்."

"சரி" என்றேன். "சத்தியமே?" என்றாய். "சத்தியம்" என்றேன். கோப்பியோடு அவள் உள்ளே வந்தாள். நீ கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, கோப்பி மணக்குது என்றாய்.

சனி காலை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கேக்கை அவளின் போன் வந்தது. மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உன் இரண்டு கையையும் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த நேரத்தில் போய் நகவெட்டியை எடுக்க நான் என்ன பேயா? எடுக்கவில்லை. ஆனால் கைப்பையை மடியை விட்டு இறக்கவும் இல்லை.

டொரொன்டோவில் இருந்து உன் அண்ணை வந்து எல்லாத்தையும் பொறுப்பெடுத்தார். நல்ல மனிசன், சத்தம்தான் கூட. திங்கள் காலை பார்வைக்கு வைக்க முதல் உனக்குச் சீலை உடுத்திவிடப் பெண்கள் வரலாம் என்று சவச்சாலையில் சொன்னார்கள். போனது நானும் உன் மகளும்தான். வாசலிலேயே நான் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒளித்து மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, உனக்குத் தெரியும்.

"என்ன பிள்ளை, புதுச் சடங்கு? ஐயரைக் கேட்டனீரோ?"

"ஐயருக்கு உது தெரியாது அண்ணை. இது அவ கேட்டது."

"நோர்வேக்காரன்ர வழக்கம் எங்களுக்கு என்னத்துக்கு?"

"எங்களுக்கு வேண்டாம் அண்ணை. அவவுக்கு வேணும்."

அவர் நெற்றியைத் தடவினார். உன்னைச் சின்னனில் தூக்கி வளர்த்த மனிசன், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "பிள்ளையைக் கேளும். அவள் ஓம் எண்டா எனக்கென்ன" என்றுவிட்டுக் கதிரையில் இருந்தார். அப்படித்தான் அது அவளின் கையில் போய் விழுந்தது.

உள்ளே குளிர். நீ பச்சைச் சீலையில் வடிவாய் இருந்தாய். அவள் உன் மடிப்பைச் சரிசெய்து, கைகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாய் வைத்தாள். நீல நகங்கள் மேலே தெரிந்தன. பார்க்க வருகிற எல்லாரும் அதைப் பார்க்கவேணும் என்று அவளுக்கு ஆசை என்று எனக்கு விளங்கியது. என்றாலும் வாயைத் திறந்தேன்.

"பிள்ளை, அம்மா என்னட்ட ஒண்டு கேட்டவ. நகத்தை வெட்டிவிடச் சொல்லி."

"நோ, அன்ரி."

"அவ கேட்டவ, பிள்ளை."

"அம்மாக்கு இது பிடிச்சது. வடிவு எண்டு சொன்னா. நீங்கள் கேட்டனீங்கள்தானே!"

"பிடிச்சதுதான். அதாலதான் உனக்குச் சொல்லேல்லை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அச்சு அசல் உன் கண். "அந்தக் கப்பலுக்காகத்தானே?" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். அவள் மறந்திருப்பாள் என்றல்லவா இவ்வளவு நாளும் நாங்கள் நினைத்தோம். "எனக்குத் தெரியும் அன்ரி. சின்னனில எனக்கு நகம் வெட்டேக்க ஒவ்வொரு விரலுக்கும் சொல்லுவா. கப்பலுக்கு இல்லை, கப்பலுக்கு இல்லை எண்டு."

"தெரிஞ்சுகொண்டே வளர விட்டனீ?"

"ஓம்." அவளின் குரல் உடைந்தது, ஆனால் தலை குனியவில்லை. "வேணுமெண்டுதான் விட்டன். அம்மா இல்லாட்டி அந்தக் கப்பல் வரட்டும். எல்லாம் முடியட்டும். எனக்கு ஒண்டும் வேண்டாம்." அதற்குப் பிறகு பிரெஞ்சில் என்னவோ கத்தினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, அந்தப் பாதியே போதும். வெளியில் அண்ணையின் கதிரை அசைகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை.

வேறு ஆள் என்றால் கட்டிப்பிடித்து அழுதிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், உன் பிள்ளைக்குக் கன்னத்தில் ஒன்று கொடுக்கவேணும் போலக்கூட இருந்தது. "முடியாது" என்றேன். "நீ நினைச்சபடி முடிக்கேலாது. நான் விடமாட்டன். உன்ர அம்மா தனக்காகவே பயந்தவ? அவவுக்கு என்ன, அவ போயிட்டா. உனக்காகத்தான் பயந்தவ." நீ சொன்னதைச் சொன்னேன். அவள் இருக்கிற உலகம், ஒரு பலகையும் கொடுக்கமாட்டேன், எல்லாம். நான் ஒரு சொல் கூட்டவில்லை.

அவள் உன் முகத்தின் பக்கம் குனிந்தாள். "எனக்காகவா?" என்றாள்.

"வேற ஆருக்கு? எனக்கே? நான் நாளைக்கோ நாளையிண்டைக்கோ போற கட்டை."

"அம்மா அப்பிடியா சொன்னா? அந்தச் சொல்லா?"

"அந்தச் சொல்தான்."

அவள் கையை நீட்டினாள். "தாங்கோ. நான்தான் வெட்டுவன்."

நான் உன் கையைத் தூக்கிப் பிடித்தேன். விறைத்துப்போய் இருந்தது, விரலை விரிக்க இரண்டு பேரும் பாடுபட்டோம். பூசாத விரலில் தொடங்கினாள். அடுத்தது நீலம். கட்டக் கட்டக் என்று ஒவ்வொன்றாய்க் கீழே விரித்த வெள்ளைக் கடதாசியில் விழுந்தது. முதல் விரலுக்கு அவளின் வாய் மட்டும் அசைந்தது. அடுத்ததுக்குக் காற்று வந்தது. மற்றக் கைக்கு வரேக்கை எனக்கு வடிவாய்க் கேட்டது. "கப்பலுக்கு இல்லை. கப்பலுக்கு இல்லை." உன் குரல் மாதிரியே. மிச்ச நகத்தில் நீலம் ஒரு கோடாய் அப்படியே இருந்தது. அதை அழிக்க நான் விடவில்லை. அது அவள் உனக்குப் பூசினது, அதற்கும் நீ கேட்டதற்கும் சண்டையில்லை.

முடிந்தது என்று நான் நகவெட்டியை வாங்கப் போனேன். அவள் தரவில்லை. "உங்கட கையைக் காட்டுங்கோ அன்ரி" என்றாள். உன் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்க லீவு எடுத்ததில் என் நகமும் வளர்ந்துதான் கிடந்தது. நான் கவனிக்கவே இல்லை. சவச்சாலையில், அதே வெட்டியால், உயிரோடு இருக்கிற ஆளுக்கு! உன் அண்ணை கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நான் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வெட்டினாள். "நீங்களும் குடுக்கக்கூடாது" என்றாள். அந்த இடத்தில்தான் நான் அழுதேன். அதுவரைக்கும் உனக்காக ஒரு சொட்டு விடாமல் இருந்தேன். அவளின் கைக்குள் என் கை இருக்க, வெளியில் சனம் வந்து சேருகிற சத்தம் கேட்க, நான் அழுத அழுகை எனக்கே வெட்கமாய் இருந்தது.

இப்போது எல்லாம் நல்லாய் இருக்கிறது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். அவள் அந்த வீட்டில் தனிய இருக்கிறாள். என் வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள், பிடிவாதத்தில் உன்னை விட ஒரு படி மேலே. சனிக்கிழமைகளில் வந்து சாப்பிடுவாள். உன் தடித்த புத்தகங்களில் ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பக்கத்துக்கு மேலே எனக்குப் போகாது. நீ சொன்ன மாதிரி அதில் இல்லை. தோரின் கலியாணம் அதில் சப்பென்று கிடக்கிறது.

போன கிழமை ஒருநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடேக்கை அவள் போன் எடுத்தாள். இரண்டு நாளாய்ப் படுக்கையை விட்டு எழும்பவில்லையாம். வேலைக்கும் அறிவிக்கவில்லையாம். ஏன் எழும்பவேணும் அன்ரி என்று கேட்டாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது. நல்ல புத்திமதி சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன்.

"நகம் வெட்டினனியோ?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இல்லை. வளர்ந்திட்டுது."

"எழும்பி இருந்து வெட்டு. நான் போனை வைக்கமாட்டன்."

அவள் மேசை லாச்சியை இழுக்கிற சத்தம், கிண்டுகிற சத்தம், கட்டில் கிறீச்சிடுகிற சத்தம். நான் பஸ்தரிப்பில் காதோடு போனை அமத்திக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, போனது. கட்டக். கட்டக். அவள் சத்தமாய்த்தான் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும். நானும் கூடச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கிழவி என்னை விசரி என்று நினைத்திருப்பாள். கடைசி விரல் முடிந்ததும், "இப்ப முகத்தைக் கழுவிப்போட்டு வேலைக்குப் போ" என்றேன். "ஓம் அன்ரி" என்றாள். போயிருக்கிறாள். மத்தியானம் தன் கையைப் படம் பிடித்து அனுப்பினாள், பின்னால் அவளின் அலுவலக மேசை தெரிந்தது.

உனக்குத் தந்த சொல் ஒருநாள் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சீலை உடுத்தி, நகம் வெட்டி, உன்னை அனுப்பினால் முடிந்தது என்று. இல்லை போல. நீ கவலைப்படாமல் கிட. எனக்கு வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, சூப்பர்வைசர் கத்தினாலும் பரவாயில்லை. நான் இருக்கும்வரைக்கும் உன் பிள்ளையிடம் இருந்து அவங்களுக்கு ஒரு பலகை போகாது.